பாம்பனிலிருந்து ஸ்ட்ராபெர்ரித் தோட்டம் பன்னிரண்டு டிகிரி தூரம்

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் ஓட ஆரம்பித்ததிலிருந்து மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வகைப் படம் அவ்வப்போது கண்ணில் படுகிறது. ஸ்வெட்டர் போட்ட ஒரு குடும்பம், இடுப்பு உயரத்தில் வரிசையாகத் தொட்டிகள், மேலே பிளாஸ்டிக் கூரை, ஆளுக்கொரு சிவப்புப் பழம். இலங்கை மலைநாட்டு ஊரான நுவரெலியாவின் ஸ்ட்ராபெர்ரித் தோட்டமாம். படத்தைப் பார்க்கிறவர்களில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அந்த ஊரு நமக்கும் தெற்கேதானே இருக்கு? அங்க எப்படி குளிர்நாட்டுப் பழம்?"

கேள்வி சரியானதுதான். இராமேஸ்வரம் வட அட்சரேகை 9.3 டிகிரியில் இருக்கிறது. நுவரெலியா 7 டிகிரியில். நம்மைவிட பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர் நம்மைவிடச் சூடாக இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த பூகோளம் சொல்கிறது. ஆனால் வெயில் நாட்டில் குளிரைத் தேடுகிறவன் வடக்கே போகத் தேவையில்லை, மேலே ஏறினால் போதும். ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைகிறது. உயரப் போகப் போகக் காற்றின் மேல் இருக்கும் அழுத்தம் குறைகிறது, அழுத்தம் குறைந்த காற்று விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. அவ்வளவுதான் சங்கதி.

இதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இராமேஸ்வரத்தின் ஆண்டுச் சராசரி வெப்பம் 28 டிகிரியை ஒட்டி நிற்கும். நுவரெலியாவின் உயரம் 1,868 மீட்டர். 1.868-ஐ ஆறரையால் பெருக்கினால் 12 வருகிறது. 28-இல் 12 போனால் 16. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியும் ஏறக்குறைய 16 டிகிரிதான். இதே குளிரைக் கடல் மட்டத்திலேயே தேடிப் போனால் ரோம் நகரம் வரைக்கும் போக வேண்டியிருக்கும். ஆகவே பாம்பன்காரருக்கு நுவரெலியா எவ்வளவு தூரம் என்று கேட்டால், கிலோமீட்டரில் சொல்வதைவிடப் பன்னிரண்டு டிகிரி என்று சொல்வது பொருத்தம். மலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத நம் மாவட்டத்தில், கரையில் நிற்கும் படகுதான் இருப்பதிலேயே தாழ்வான இடம். ஸ்ட்ராபெர்ரிக்கு அதைவிட எட்டாத இடம் கிடையாது.

ரோமுக்கும் நுவரெலியாவுக்கும் சராசரி ஒன்றுதான் என்றாலும், இந்தக் கட்டுரையின் முழு விஷயமும் அவற்றுக்கிடையே இருக்கிற வித்தியாசத்தில்தான் இருக்கிறது. ரோமில் கோடை சுடும், குளிர்காலம் நடுக்கும், இரண்டையும் சேர்த்து வகுத்தால் 16 வரும். நுவரெலியாவில் ஜனவரியானாலும் ஜூலையானாலும் மாதச் சராசரி மூன்று நான்கு டிகிரிக்குள்ளேயே நிற்கிறது. பகலின் நீளமும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன்பின் அரை மணிக்கு மேல் நகர்வதில்லை. குளிர் உண்டு, குளிர்காலம் கிடையாது. பருவமே இல்லாத குளிர். வெப்பமண்டல மலைகளின் தனிக்குணம் இது. கொடைக்கானல், ஊட்டி, மலேசியாவின் கேமரன் மலை, பிலிப்பைன்ஸின் பாகியோ பக்கத்து லா திரினிதாத், வியட்நாமின் தா லாட் என்று ஸ்ட்ராபெர்ரிக்குப் பெயர் வாங்கிய ஊர்கள் எல்லாம் ஏதோ ஒரு அளவில் இதே கதைதான்.

ஸ்ட்ராபெர்ரிச் செடிக்கு இது ஏன் இவ்வளவு பிடித்திருக்கிறது? பழைய ரகங்கள் எல்லாம் பகல் குறையும்போது, அல்லது வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதுதான் பூமொட்டைக் கட்டும். இங்கிலாந்தில் இலையுதிர்காலத்தில் மொட்டுக் கட்டி, பனிக்காலம் முழுக்கத் தூங்கி, வசந்தத்தில் பூத்து, ஜூன் மாதத்தில் மொத்தமாகக் காய்த்து ஓய்ந்துவிடும். அதே செடியை நுவரெலியாவில் வைத்தால் பகல் எப்போதும் குட்டைதான், இரவு எப்போதும் குளிர்தான். தூங்கச் சொல்ல ஆளில்லை. பூத்துக்கொண்டே இருக்கிறது, காய்த்துக்கொண்டே இருக்கிறது. பகல் நீளத்தைக் கண்டுகொள்ளாத புதிய ரகங்களும் இப்போது வந்துவிட்டன. அவற்றுக்கும் சூடு ஆகாது. முப்பது டிகிரி வெயிலில் பூப்பதை விட்டுவிட்டு இலையும் கொடியுமாக ஓட ஆரம்பித்துவிடும். இரவு குளிராக இருப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பகலில் இலை சேர்த்த சர்க்கரையைச் செடி இரவில் மூச்சுவிட்டுச் செலவழிக்கிறது. இரவு குளிர்ந்தால் மூச்சு மெதுவாகும், மிச்சம் பழத்துக்குப் போகும்.

தோட்டத்துக்குள் போனால் முதலில் ஆச்சரியப்படுத்துவது மண்ணே இல்லாததுதான். நான் பார்த்த தோட்டத்தில் இரும்புச் சட்டத்தின் மேல் நீளநீளமான பைகள், பைக்குள் தேங்காய் நார்க்கழிவு, அதன் நடுவே பென்சில் கனத்தில் சொட்டுநீர்க் குழாய். மண்ணிலேயே நடுகிற தோட்டங்களும் உண்டு. ஆனால் சுற்றுலாக்காரர் குனியாமல் பறிக்கவும், மழையில் பழம் சேற்றில் புரளாமல் இருக்கவும் இந்த ஏற்பாடுதான் வசதி. பையின் ஓரமாகக் கொடிகள் தொங்குகின்றன. அவை ஒவ்வொன்றும் ஒரு புதிய கன்றுக்கான முயற்சி, விட்டால் பழத்துக்குப் போக வேண்டிய சத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் கத்தரியோடு ஒரு பெண் வரிசை வரிசையாக வெட்டிக்கொண்டே போகிறார். கூரை குளிருக்காகப் போட்டதல்ல, மழைக்காக. ஈரம் தங்கினால் சாம்பல் நிறப் பூஞ்சை ஒரே ராத்திரியில் பழத்தின் மேல் படர்ந்துவிடும். மலைநாட்டு ஸ்ட்ராபெர்ரிக்காரர் வெயிலைவிட மழைக்குத்தான் பயப்படுகிறார். அந்தப் பூஞ்சைக்காகத்தான் மருந்தும் தெளிக்கிறார்கள். பறித்த கையோடு வாயில் போடாமல் கழுவிச் சாப்பிடுவது நல்லது.

அந்த நார்க்கழிவு விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் கரையோரச் சரக்கு. தேங்காய் மட்டையிலிருந்து நாரை எடுத்த பிறகு மிஞ்சும் பொடியைக் கட்டியாக அழுத்தி உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். இந்தியாவும் இலங்கையும்தான் இதில் முன்னணி. கடலோரத்தில் மட்டையை உப்பங்கழியில் ஊறப்போட்டிருந்தால் பொடியில் உப்பு ஏறியிருக்கும். அதை நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து உப்பை வெளியேற்றிய பிறகுதான் ஸ்ட்ராபெர்ரிக்குக் கொடுக்க முடியும். பயிர்களிலேயே உப்பை மிகக் கொஞ்சம்கூடப் பொறுக்காத கூட்டத்தைச் சேர்ந்தது இது. பாசனத் தண்ணீரில் லேசாக உப்பு கூடினாலே இலையின் ஓரம் கருகத் தொடங்கும். இராமநாதபுரத்துக் கிணற்றுத் தண்ணீரைக் காட்டினால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வானம் பார்த்த நம் பூமிக்கு 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய முண்டு மிளகாய்தான் சரி.

பழத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே விதை மாதிரி ஒட்டியிருக்கிற மஞ்சள் புள்ளிகள்தான் தாவரவியல் கணக்கில் கனிகள். நாம் தின்கிற சிவப்புச் சதை பூக்காம்பின் வீங்கிய நுனி. ஒவ்வொரு புள்ளியும் மகரந்தம் பெற்றால்தான் தன்னைச் சுற்றியிருக்கிற சதையை வளரச் சொல்லிச் சுரப்பை அனுப்பும். தேனீ ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்துவிட்டுப் போயிருந்தால் அந்தப் பக்கம் மட்டும் வீங்கி, பழம் கோணலாக நிற்கும். கோணல் பழத்தில் ருசிக்குக் குறைவில்லை. கடையில்தான் அதற்கு மரியாதை கிடையாது. கொடி வெட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண் நான் பறிக்கப் போனதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காம்பு கிட்ட வெள்ளையா இருந்தா விட்டுருங்க தம்பி. சிவப்பு மேல வரைக்கும் ஏறியிருக்கணும்."

அவர் சொன்னதில் இந்தப் பழத்தின் வியாபாரமே அடங்கியிருக்கிறது. மாம்பழத்தைக் காயாகப் பறித்து வைக்கோலில் வைத்தால் பழுக்கும். வாழைத்தாரும் அப்படித்தான். ஸ்ட்ராபெர்ரி செடியை விட்டுப் பிரிந்த நிமிடத்தோடு இனிப்பு ஏறுவதை நிறுத்திவிடும். நிறம் மட்டும் கொஞ்சம் கூடலாம். முழுக்கச் சிவந்த பழம் பனிப்பெட்டியிலேயே சில நாள்தான் தாங்கும், நம் ஊர் வெயிலில் மறுநாளே கசிந்துவிடும். அதனால் தூரத்துக்கு அனுப்புகிறவர்கள் முக்கால் சிவப்பிலேயே பறித்துவிடுகிறார்கள். இராமநாதபுரம் பழக்கடையில் பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கிற ஸ்ட்ராபெர்ரி புளிப்பதற்கு இதுதான் காரணம். அதைத் தின்றுவிட்டு இந்தப் பழத்துக்கா இத்தனை கூத்து என்று கேட்கிறவர்கள் மேல் தப்பில்லை. பழம் கரைக்கு வர முடியாது, ஆள்தான் மேலே போக வேண்டும். ஸ்ட்ராபெர்ரித் தோட்டத்துக்குச் சுற்றுலா என்பது விளம்பரத்தால் மட்டும் வளர்ந்த பழக்கமில்லை, பழத்தின் உடம்பிலேயே அதற்கான காரணம் இருக்கிறது.

படகிலிருந்து மலைக்குப் போவது என்றதும் இந்தப் பழத்தின் பூர்வீகத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இன்று உலகம் தின்கிற தோட்டத்து ஸ்ட்ராபெர்ரி, இரண்டு அமெரிக்கக் காட்டு வகைகள் ஐரோப்பாவில் கலந்து பிறந்தது. ஒன்று வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த சின்னப் பழம். மற்றது தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக் கடற்கரையில் விளைந்த பெரிய பழம். சிலிச் செடியை ஃபிரெசியே என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் 1714-இல் கப்பலில் கொண்டுவந்தார். ஸ்பானியர் கோட்டைகளை வேவு பார்க்கப் போன ஆள், வந்த இடத்தில் பழத்தில் மயங்கிவிட்டார். பயணம் ஆறு மாதம். குடிக்கிற தண்ணீரே அளந்து கொடுக்கிற கப்பலில் செடிக்குத் தண்ணீர் கேட்பது லேசில்லை. பிழைத்துக் கரை சேர்ந்தவை ஐந்து செடிகள். அவற்றில் இரண்டைத் தண்ணீர் கொடுத்து உதவிய கப்பல் சரக்கு அதிகாரிக்கே கொடுக்க வேண்டியதாயிற்று. கொண்டுவந்தவை எல்லாம் பெண் செடிகள் என்பதால் வெகுகாலம் ஒழுங்காகக் காய்க்கவும் இல்லை. பக்கத்தில் வட அமெரிக்க வகையை நட்ட பிறகுதான் பெரிய பழங்கள் வந்தன. இது கலப்பினம் என்று 1766-இல் துஷேன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் கண்டுசொன்னார்.

உலகம் சுற்றும் பாய்மரப் படகுக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. வெப்பமண்டலத்தில் மாதக்கணக்கில் கடல் மட்டத்தில் வெந்து கிடந்த பிறகு, படகைப் பத்திரமான துறையில் கட்டிவிட்டு, பஸ் பிடித்து மலைக்குப் போய்விடுவார்கள். மலேசியாவில் லூமுட்டிலோ பினாங்கிலோ படகை விட்டுவிட்டுக் கேமரன் மலை. இலங்கையில் காலியிலோ திருகோணமலையிலோ விட்டுவிட்டு நுவரெலியா. நமக்கு அந்த வசதி கிடையாது. பாம்பனிலிருந்து வல்லத்தையோ விசைப்படகையோ எடுத்துக்கொண்டு தலைமன்னாருக்குச் சுற்றிப்பார்க்கப் போக முடியாது. 1974, 1976 ஒப்பந்தங்கள் போட்ட எல்லைக்கோடு நடுவில் இருக்கிறது. அதைத் தாண்டினால் என்ன நடக்கும் என்று இந்தக் கரையில் இருக்கிற எந்த மீனவக் குடும்பத்துக்கும் தெரியும்.

ஆனால் படகில் ஏறி மலைக்குப் போவது இந்தக் கரைக்குப் புதிதே அல்ல. படகுச் சுற்றுலாக்காரர்களுக்கு நூறு வருஷம் முன்பே, வேறு காரணத்துக்காக, ஆயிரக்கணக்கில் போனார்கள். அதைக் 'கண்டிக்குப் போறது' என்று சொல்வார்கள். தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் துறைகளிலிருந்து தோணியில் ஏறி மன்னார் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாக மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை என்று கால்நடையாகவே ஏறினார்கள். மன்னார்க் கரையில் வெயில், நடுவில் மலேரியாக் காடு, மேலே உடம்பு அறியாத குளிர். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. இராமநாதபுரத்துக்காரர்கள் மட்டுமில்லை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, திருநெல்வேலிச் சனங்களும் இந்த வழியாகத்தான் போனார்கள். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆள் சேர்க்க வந்த கங்காணி சொன்னதாக, இலங்கை மலைநாடான மலையகத்தில் இன்றும் சொல்வார்கள். தேங்காயும் மாசியும் கடற்கரைச் சரக்கு. ஆசை காட்டியவனுக்கு எந்த ஊர் ஆளிடம் பேசுகிறோம் என்று தெரிந்திருக்கிறது.

இங்கேதான் அந்தப் பருவமில்லாத குளிர் திரும்பவும் வேலையைக் காட்டுகிறது. 1830-களிலிருந்து இலங்கை மலைகளில் பிரிட்டிஷார் போட்டது காப்பித் தோட்டம். காப்பிக்கு அறுவடைக் காலம் என்று ஒன்று உண்டு. சனங்கள் அந்தச் சில மாதங்களுக்குப் போய் வேலை பார்த்துவிட்டு, கையில் காசோடு ஊர் திரும்பி, மழை விழுந்ததும் சொந்த வயலில் ஏர் பிடிக்க முடிந்தது. 1869-இல் காப்பியில் இலைத்துரு நோய் வந்தது. இருபது வருஷத்துக்குள் காப்பி கிட்டத்தட்ட அழிந்தது. 1867-இலேயே ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரையில் தேயிலை போட்டிருந்தார். எல்லோரும் தேயிலைக்கு மாறினார்கள். அசாமிலும் டார்ஜிலிங்கிலும் தேயிலை குளிர்காலத்தில் தூங்கிவிடும். இலங்கை மலையில் தூங்குவதில்லை. வாரத்துக்கு ஒருமுறை கொழுந்து வந்துகொண்டே இருக்கும், வருஷம் முழுக்கக் கிள்ள ஆள் வேண்டும். ஆகவே போய்வந்துகொண்டிருந்தவர்கள் குடும்பத்தோடு போய், லயன் என்கிற வரிசை வீட்டு அறைகளில் தங்கிவிட்டார்கள். ஸ்ட்ராபெர்ரியை வருஷம் முழுக்கக் காய்க்க வைக்கிற அதே தட்பவெப்பம்தான் இராமநாதபுரத்தானை ஊர் திரும்ப விடாமல் பிடித்துவைத்தது. செடிக்கு ஓய்வில்லை என்றால் செடிக்காரனுக்கும் ஓய்வில்லை. நுவரெலியாவின் ஸ்ட்ராபெர்ரித் தோட்டத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்துகொள்ள நேரமிருக்கிறது என்றால், அது இதுவாக இருக்கட்டும் என்பேன்.

1914-இல் பாம்பன் பாலம் வந்ததும் நடை குறைந்தது. சென்னையில் ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு முப்பது சொச்சம் கிலோமீட்டர் நீராவிக் கப்பல், அப்புறம் மறுபடி ரயில். போட் மெயில் என்று பெயர். இர்வின், கோஷன் என்று ஓடிய கப்பல்களின் பெயர்கள் தனுஷ்கோடியில் பிறந்த பெரியவர்களின் வாயில் இன்னும் இருக்கின்றன. துரைமார் முதல் வகுப்பில் ஏறி நேராக நுவரெலியாவின் குளிருக்குப் போனார்கள். தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு மண்டபம் முகாமில் மருத்துவப் பரிசோதனை, தடுப்பூசி, சில நாள் தனிமை. மண்டபம் கேம்ப் என்ற ரயில் நிலையத்தின் பெயர் வந்த வழி அது. குளிருக்குப் போகும் ஒரே பாதையில் இரண்டு விதமான பயணிகள்.

1948-இல் சுதந்திரம் வந்த கையோடு இலங்கை அரசு மலையகத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தது. அந்த டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியைத் தின்றது. கப்பல் துறை இராமேஸ்வரத்துக்கு மாறியது. அந்தத் துறையில்தான் பெட்டியும் மூட்டையுமாக மலையகத்துச் சனங்கள் வந்து இறங்கினார்கள். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இராமநாதபுரத்து வெயில் அந்நியமாக இருந்தது. பலரை நீலகிரிக்கு அனுப்பினார்கள், அவர்களுக்காகவே அரசுத் தேயிலைத் தோட்டம் போட்டார்கள். கொடைக்கானல் மலைக்கும் ஒரு பகுதி போயிற்று. 1980-களில் போர் வந்ததும் இராமேஸ்வரம் கப்பலும் நின்றது.

கேமரன் மலைக் கதை கொஞ்சம் வேறு மாதிரி. 1885-இல் வில்லியம் கேமரன் என்பவர் அளந்து குறித்த மேட்டுநிலம், 1929-இல் அங்கே 'போ' (BOH) என்ற தேயிலைத் தோட்டம் வந்தது, காட்டை வெட்டிச் சரிவில் தேயிலை நட்டவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். போனது நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலில். ரஜூலா கப்பல் என்றால் இந்தக் கரையில் பலருக்குத் தாத்தா ஞாபகம் வரும். இன்று அங்கே ஸ்ட்ராபெர்ரியும் காய்கறியும் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே மலைச்சரிவை மூடிக்கொண்டிருக்கின்றன. வெட்டிய சரிவிலிருந்து மழைக்குக் கரைகிற மண் ரிங்லெட் நீர்த்தேக்கத்தைத் தூர்த்துக்கொண்டிருக்கிறது. 2013 அக்டோபரில் அந்த அணையைத் திறந்துவிட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. 'நீங்களே பறிக்கலாம்' என்ற பலகையில் இதெல்லாம் எழுதியிருக்காது.

சரி, இப்போது எப்படிப் போவது? 2015-இல் தலைமன்னார் வரை ரயில் பாதையைத் திரும்பப் போட்டுவிட்டார்கள். இந்தப் பக்கம் 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்து ரயில் இராமேஸ்வரம் வருகிறது. இரண்டு பக்கமும் தண்டவாளம் தயாராக இருக்கிறது, நடுவில் கப்பல்தான் இல்லை. தூக்குப் பாலம் எழும்பும்போது அடியில் போகிற படகுகளைப் பார்த்துக் கைதட்டிவிட்டு, நாம் நாகப்பட்டினத்துக்கு பஸ் ஏற வேண்டியிருக்கிறது. அங்கிருந்து காங்கேசன்துறைக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம். 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. பாஸ்போர்ட்டும் இலங்கைக்கான இணையவழிப் பயண அனுமதியும் வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குப் போகிற ஏ-9 சாலையில் பஸ் ஏறினால், வவுனியாவைத் தாண்டி மதவாச்சி வரும். மன்னாரிலிருந்து நடந்து வந்தவர்களின் பழைய பாதை சேருகிற இடம் அதுதான். அதன் பிறகு மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை என்று அதே ஊர்கள், அதே வரிசை. 2023-இல் மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 வருஷம் ஆனதை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு கூட்டம் அந்த வழியை நடந்தே கடந்தது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து போகிறவர்கள் மதவாச்சியிலாவது போனைக் கீழே வைத்துவிட்டு வெளியே பார்க்கலாம். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு பஸ் உண்டு. ரயில் என்றால் நானுஓயாவில் இறங்க வேண்டும்.

ஸ்ட்ராபெர்ரி மட்டும்தான் வேண்டும் என்றால் இவ்வளவு கஷ்டம் தேவையே இல்லை. மதுரை, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஒரு பகல் பயணம், உயரம் நுவரெலியாவைவிடக் கூடுதல், கடவுச்சீட்டுக் கேட்க ஆளில்லை. நுவரெலியாத் தோட்டத்துக் கடைகளில் ஒரு கிண்ணம் பழத்துக்கும் கிரீமுக்கும் கேட்கிற விலை, கொழுந்து கிள்ளுகிறவரின் நாள் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தொண்டையில் நிற்கும். ஆனாலும் போகலாம் என்றுதான் சொல்வேன். நம் பேச்சிலேயே பேசி, நம் ஊர்ப் பெயரைச் சொன்னதும் 'எங்க தாத்தாவோட அப்பா அந்தப் பக்கம்தான்' என்று சொல்கிற ஆட்களைப் பார்ப்பதற்காக.

போகிற மாதத்தை இரண்டு காற்றுகள் தீர்மானிக்கின்றன. வாடை வீசுகிற மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், நாகைக் கப்பலை நிறுத்திவிடுவதும் உண்டு. மலையிலும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழைதான். மே கடைசியில் தென்மேற்குக் காற்று எழும்பினால் நுவரெலியா மறுபடி நனையும். வாடை அடங்கிய பிப்ரவரிக்கும், அந்தக் காற்று எழும்பும் மே கடைசிக்கும் நடுவில்தான் கடலும் மலையும் ஒருசேர வழிவிடுகின்றன. மீனவக் குடும்பங்களுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல்தான் தொடங்குகிறது. அந்த வாரம் போனால் சித்திரைப் புத்தாண்டு சீசனுக்கு இலங்கை முழுக்க நுவரெலியாவில் இருக்கும், அறை வாடகை இரண்டு மடங்காகும். ஏப்ரல் கடைசி, மே முதல் பாதி நல்லது. தோட்டத்துக்குக் காலையிலேயே போய்விட வேண்டும், மத்தியானத்துக்குமேல் மலையில் மேகம் இறங்கிவிடும், பழுத்தவற்றை முன்னால் வந்தவர்கள் பறித்திருப்பார்கள்.

தொங்குகிற கொடியில் வேர்விட்ட கன்றைப் பார்த்ததும் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளலாமா என்று கை பரபரக்கும். வேண்டாம். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதியும் சான்றும் இல்லாமல் செடியோ பழமோ நாகப்பட்டினத்தில் இறக்கக் கூடாது. பழத்தை அங்கேயே தின்றுவிடுங்கள். மூடி முத்திரையோடு இருக்கிற ஜாம் போத்தல் பிரச்சினையில்லாமல் வந்துவிடும்.